நண்பகல் உறக்கமும் நம்மவர் முணுமுணுப்பும்

“ஒருத்தன் தூங்கினான், எழுந்தான், யாரோ ஒருத்தன் வீட்டுக்குள் போனான், மறுநாள் மறுபடியும் தூங்கினான், எழுந்து தன் ஊருக்குப் போய்விட்டான். இதில் என்ன இருக்கிறது தம்பி? லுஹருக்கும் அஸருக்கும் நடுவே இரண்டு மணி நேரம் வீண்!”

விருத்தாசலத்திற்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளையும் மங்களூரில், திண்ணையொன்றில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் இவ்வாறு சொன்னார். சொன்னவர் ஏனோதானோ என்று பேசுபவர் அல்லர். ஐவேளைத் தொழுகையாளி, ஹஜ்ஜை நிறைவேற்றியவர், இளமையில் நம் சமுதாய இதழ்களை வரி விடாமல் படித்தவர். அவர் வீண் என்று தள்ளிய படம், மலையாள இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பெற்று, 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்து, பின்னர் நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம் வீட்டுக் கூடங்களுக்குள்ளும் நுழைந்த படம் அது.

அன்று நாம் அவருக்கு மறுமொழி கூறவில்லை. வயதுக்குச் செய்யும் மரியாதை ஒன்று உண்டு. ஆயினும் அவர் சொன்னதையே சற்றுக் கூட்டியும் குறைத்தும் நம்மவர் பலர் சொல்லக் கேட்டுவிட்டோம். ‘புரியாத படம்’ என்பார் சிலர். ‘மறுபிறவியைப் போதிக்கும் படம்’ என்பார் சிலர். ‘படம் என்பதே கூடாது, அதில் நல்ல படம் என்ன, கெட்ட படம் என்ன?’ என்று ஒரே வீச்சில் முடித்துவிடுவாரும் உளர். இம்மூவருக்கும் சேர்த்தே இங்கு மறுமொழி கூறத் துணிகிறோம்.

கதையை அறியாதவர்க்காகச் சுருங்கச் சொல்வோம். கேரளத்து மூவாற்றுப்புழையிலிருந்து ஒரு கூட்டம் வேளாங்கண்ணிக்குச் சென்று பேருந்தில் திரும்பிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தின் தலைவர் ஜேம்ஸ் என்னும் கிறிஸ்தவர், கணக்குப் பார்ப்பவர், தமிழகத்து உணவும் பாட்டும் பிடிக்காமல் முகம் சுளிப்பவர். மதிய உணவுக்குப் பின் பேருந்தே உறங்குகிறது. திடீரென்று விழிக்கும் ஜேம்ஸ், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பயிர்க்கொல்லைகளுக்கிடையே நடந்து, முன்பின் அறியாத ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் போகிறார். ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். பார்வையற்ற மூதாட்டி ஒருத்தி தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கிறாள். அவளிடம் பெற்ற மகனைப் போலப் பேசுகிறார், அதுவும் தடங்கலில்லாத் தமிழில்! அவ்வீட்டு மகன் சுந்தரம், பால் வியாபாரி. காணாமற்போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. அவனுடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு அவன் போகும் தெருக்களிலேயே இவரும் போகிறார். சுந்தரத்தின் மனைவி, மகள், தந்தை, அண்டை அயலார், பேருந்தில் வந்த ஜேம்ஸின் மனைவி, மகன் எல்லாரும் திகைத்து நிற்கின்றனர். மறுநாள் நண்பகலில் அவர் மீண்டும் உறங்கி எழுகிறார், ஜேம்ஸாகவே எழுகிறார், பேருந்து புறப்படுகிறது. ஒரு நாய் மட்டும் அதன் பின்னே ஓடுகிறது.

அவ்வளவுதான். பேய் இல்லை, மந்திரவாதி இல்லை, மருத்துவர் வந்து விளக்கம் சொல்லுதல் இல்லை. பின்னணி இசையென்று தனியே ஒன்றும் இல்லை; அவ்வூரின் வானொலிகளிலிருந்தும் தொலைக்காட்சிகளிலிருந்தும் பழைய தமிழ்ப் பாட்டும் திரைப்பட உரையாடலும் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்கும், அதுவே இசை. ஒளிப்பதிவு செய்தவர் தேனி ஈஸ்வர். ஊர், பழனிக்கருகே உள்ள மஞ்சநாயக்கன்பட்டி. ஜேம்ஸாகவும் சுந்தரமாகவும் நடித்தவரும், தம் நிறுவனத்தின் மூலம் படத்தைத் தயாரித்தவரும் மம்மூட்டி. பெற்றோர் இட்ட பெயர் முஹம்மது குட்டி. 2022ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த படத்திற்கான விருது இதற்கும், சிறந்த நடிகருக்கான விருது அவருக்கும் கிடைத்தன. விருதுகளைச் சொல்வது படம் உயர்ந்தது என்று மெய்ப்பிப்பதற்காக அன்று. விருது பெற்ற வெறும் படங்களும் நாட்டில் ஏராளம்.

இனி, பெரியவரின் சொல்லுக்கு வருவோம். ‘ஒருத்தன் தூங்கினான், எழுந்தான், இதில் என்ன இருக்கிறது?’

என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை உலகில் வேறு யாருக்கும் இருக்கலாம். நமக்கு மட்டும் இல்லை. திருமறையின் ‘அஸ்ஸுமர்’ அத்தியாயத்தில் 42ஆம் வசனத்தை ஓதாதவரா நாம்? இறக்கும் வேளையில் உயிர்களைக் கைப்பற்றும் இறைவன், இறவாதவற்றையும் உறக்கத்தில் கைப்பற்றுகிறான் என்றும், யாருக்கு மரணம் விதிக்கப்பட்டதோ அவ்வுயிரை நிறுத்திக்கொண்டு மற்றதைக் குறித்த தவணைவரை திருப்பி அனுப்புகிறான் என்றும் அவ்வசனம் அறிவிக்கவில்லையா? ஓதப்பள்ளியில் அலிஃப் பே முடியும் முன்பே நம் குழந்தைக்கு இரண்டு துஆக்களைக் கற்பிக்கிறோம். படுக்கும்போது சொல்வதில் இறப்பும் வாழ்வும் இறைவன் பெயரால் என்று வரும். எழும்போது சொல்வதில், எங்களை மரணிக்கச் செய்தபின் உயிர்ப்பித்தவனுக்கே புகழ் என்று வரும். ஐந்து வயதுக் குழந்தை ஒவ்வொரு காலையிலும் தான் இறந்து எழுந்ததாக அறிவிக்கிறது! அத்தகைய சமுதாயத்திலிருந்து ஒருவர் எழுந்து, உறக்கத்தைப் பற்றிய படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாமா? உறக்கத்தைச் சாவுக்கும் விழிப்பைப் பிறப்புக்கும் உவமை கூறிய வள்ளுவரின் குறளுக்குப் படத்தின் தொடக்கத்திலேயே விடுதிக்காரர் ஒருவர் மலையாளிகளுக்குப் பொருள் சொல்கிறார். அதைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் அந்தக் காலைத் துஆ ஒலித்திருக்க வேண்டாமா?

நண்பகலைத்தான் எடுத்துக்கொள்வோம். பகலுணவை ஒட்டிச் சற்றே கண்ணயர்வதைக் ‘கைலூலா’ என்று பெயரிட்டு, பெருமானார் (ஸல்) அவர்களின் நடைமுறையென்று போற்றுகிறவர்கள் நாம். அந்நேரத்தின் தனித்தன்மையை மறையும் குறிக்கிறது. ‘அந்நூர்’ அத்தியாயம் 58ஆம் வசனத்தில், வீட்டுச் சிறுவர்களும் அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டிய மூன்று வேளைகள் சொல்லப்படுகின்றன: வைகறைத் தொழுகைக்கு முன், இரவுத் தொழுகைக்குப் பின், ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகல். பெற்ற பிள்ளையே கேட்டு நுழைய வேண்டிய அந்த வேளையில், கேளாமல் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான் அந்நியன். வேற்று மதத்தவர் எடுத்த படமாயினும், அக்காட்சியின் நடுக்கத்தை முழுமையாக உணர நம்மைவிடத் தகுதியுடைய பார்வையாளர் யார்? மங்களூரில் அன்று நாமும் கண்டோம். வெயில் தெருவில் விரிந்து கிடந்தது, கதவுகள் ஒருக்களித்திருந்தன, எங்கோ ஒரு வானொலி. ஊர் முழுவதும் உயிர் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது.

அந்த நாயை நம்மவர் ஒருவரும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நம் தாய்மார்கள் ஓதும் ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயத்தில், குகையில் உறங்கிய இளைஞர்களின் வாயிற்படியில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாய் ஒன்று உண்டு. ‘கித்மீர்’ என்று அதற்குப் பெயரிட்டு நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். முந்நூற்றொன்பது ஆண்டு உறங்கி எழுந்தவர்கள், ஒரு நாளோ ஒரு நாளின் பகுதியோ உறங்கியதாகத்தான் எண்ணினார்கள். கையிலிருந்த வெள்ளிக் காசைக் கொடுத்து உணவு வாங்கிவர ஒருவரை ஊருக்குள் அனுப்பினார்கள். தன் ஊர் என்று நம்பி மாறிப்போன ஊருக்குள் நடந்த அந்த இளைஞரின் திகைப்பு எத்தகையது! பாழடைந்த ஊரைக் கண்டு இது எவ்வாறு உயிர்பெறும் என வியந்தவரை இறைவன் நூறாண்டு மரணிக்கச் செய்து எழுப்பிய வரலாறு ‘அல்பகறா’வில் இருக்கிறது. அவருடைய உணவு கெடவில்லை. கழுதையோ எலும்பாகிக் கிடந்தது. காலத்தின் இந்த மயக்கத்தை நம்மைப்போல் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த சமுதாயம் வேறொன்று உண்டோ?

‘அப்படியானால் படம் மார்க்கத்திற்கு உட்பட்டதென்று சொல்கிறீர்களா?’ என்று பாய்ந்து வருவோர்க்கு: இல்லை. இறந்தவரின் உயிர் இன்னொருவர் உடலில் புகும் என்பதை நாம் ஏற்பதில்லை. இறந்தவர்க்கும் இவ்வுலகிற்கும் இடையே, எழுப்பப்படும் நாள்வரை, ‘பர்ஸக்’ என்னும் திரை இருக்கிறது என்பதே நம் நம்பிக்கை. ஆனால் படம் அவ்வாறு சொல்கிறதா? சுந்தரம் இறந்துவிட்டான் என்றுகூட அது அறுதியிட்டுச் சொல்லவில்லை, அவன் காணாமற்போனவன். ஜேம்ஸ் கண்டது கனவா, நோயா, வேடமா என்று பார்ப்பவரே முடிவு செய்துகொள்ள விட்டுவிடுகிறது. அந்தக் கூட்டமே ஒரு நாடகக் குழுவாக இருக்கலாம் என்னும் குறிப்பும் இறுதியில் உண்டு. நம் ஈமானை அது விலைக்குக் கேட்கவில்லை. விக்கிரமாதித்தன் கதையையும் ஆயிரத்தோர் இரவுகளையும் கேட்டு வளர்ந்தபோது அசையாத ஈமான், ஒருவர் இன்னொருவரின் மொபெட்டில் ஏறியதும் அசைந்துவிடுமா?

படமே கூடாது என்பவர்களின் வாதம் இதைவிட வலிமையானது. அதை நாம் எளிதில் தள்ளவில்லை. உருவம் வரைவதைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் உள்ளன. நிழற்படத்தையும் அதனுள் சேர்த்து விலக்கிய உலமாப் பெருமக்கள் நம் நாட்டில் பலர். அதே வேளையில், எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ, நிழற்படம் என்பது புதிதாக உருவம் படைத்தலன்று, கண்ணாடியில் விழுவதைப் போன்ற நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்று கூறி அனுமதித்தார். கருத்து வேறுபாடுள்ள இடத்தில் ஒரு பக்கம் நின்று முழுமையாகத் தவிர்ப்பவரை நாம் வணங்கி வாழ்த்துகிறோம். ஆனால் நம் பெரியவர் அத்தகையவர் அல்லரே! மாலை ஏழு மணிக்கு அதே கூடத்தில், மாமியார் பாலில் நஞ்சு கலக்கும் தொடர் ஓடுகிறது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அது வீணென்று அவருக்குத் தோன்றவில்லை. மேலும், முப்பது ஆண்டுகளாக அவர் செய்துவரும் வாணிபம் என்ன தெரியுமா? விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து வாங்கிவந்த பொம்மைகளும் அகல்களும் அவர் கடையில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. நிழலுக்கு நடுங்குகிறவர் சிலையைத் துடைத்து வைக்கிறார். அவர் இதைப் படித்துவிட்டுச் சினங்கொள்ளமாட்டார், சிரிப்பார் என்றே நம்புகிறோம்.

இப்படத்தில் ‘ஆசை’ இருக்கிறது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. இருக்கிறது, மறுக்கவில்லை. கணவன் முகமில்லாத ஒருவன் கணவனாக வந்து முற்றத்தில் நிற்கும்போது, சுந்தரத்தின் மனைவி எதை விரும்புகிறாள்? அவன் போய்விட வேண்டும் என்றா, இன்னும் சற்று இருக்க வேண்டும் என்றா? அவள் வாய்திறந்து சொல்வதில்லை. அவளை யாரும் தொடுவதில்லை. ரம்யா பாண்டியன் என்னும் நடிகை சுவரோரம் நின்றே அத்தனையையும் காட்டிவிடுகிறார். இதைவிட நாணமுள்ள ஆசையைத் தமிழ்த் திரையில் அண்மையில் நாம் கண்டதில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு இறைக்காதலை மனோன்மணியென்று பெண்ணாக்கிப் பாடியதைப் போற்றுகிறோம். சாரணபாஸ்கரனின் யூசுப் ஜுலைகா காப்பியத்தை மணவீடுகளில் பரிசாகக் கொடுத்தோம். அங்கெல்லாம் ஆசை இல்லையா?

யூசுப் நபியின் வரலாற்றில் நாம் எப்போதும் ஜுலைகாவையே நினைக்கிறோம். யஃகூப் (அலை) அவர்களை மறந்துவிடுகிறோம். காணாமற்போன மகனை எண்ணி அழுதழுது அவர்கள் கண்கள் வெளுத்துப் பார்வை போயிற்று என்று மறை கூறுகிறது. மகனின் சட்டை இன்னும் தொலைவில் வந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் அதன் மணத்தை உணர்ந்தார்கள். சுற்றியிருந்தோரோ, பழைய தடுமாற்றத்திலேயே இருக்கிறீர் என்றார்கள். அச்சட்டை முகத்தில் இடப்பட்டபோது பார்வை திரும்பிற்று. இப்போது அந்தப் பார்வையற்ற தமிழ்த் தாயை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஊரே இவன் உன் மகன் அல்லன் என்கிறது. அவளுக்கோ வந்திருப்பவன் மகன்தான். நபிக்கு வந்தது உண்மையான மணம். இவளுக்கு வந்தது ஒரு பகலின் மயக்கம். வேறுபாடு பெரிது. ஆயினும் காத்திருத்தல் ஒன்றே.

காத்திருத்தல் என்றதும் அன்று மங்களூரில் நடந்த இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியவர் திண்ணையில் இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு உட்புறமாக அவருடைய தங்கை நின்றிருந்தார். வளைகுடாவுக்குச் சபர் போன அவர் கணவரிடமிருந்து கடிதம் நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பணமும் வரவில்லை, மய்யித்தும் வரவில்லை. அவரும் உள்ளிருந்து படம் பார்த்திருக்கிறார். அண்ணன் பேசி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே: “எல்லாம் சரி அண்ணே. அவன் பஸ் ஏறிப் போனானே, அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டில் யார் உலை வைத்தாங்க? அதைக் காட்டவே இல்லையே!”

பெரியவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

காணாமற்போன கணவனை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘மஃப்கூத்’ என்றழைக்கின்றன. இராவுத்தர்கள் மிகுந்த இவ்வுள்நாட்டுப் பகுதியில் வழங்கும் ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பின்படி, அவனுடைய வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை, சிலர் கணக்கில் அவனுக்குத் தொண்ணூறு வயதாகும்வரை, அவன் உயிருடன் இருப்பதாகவே கொள்ளப்படுவான். மனைவியின் இளமை அதற்குள் எங்கே? மாலிக்கி மத்ஹபோ, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி நான்காண்டுக் காத்திருப்பும் அதன்பின் இத்தாவும் போதும் என்றது. 1930களில் மவ்லானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள் ஹனஃபிகளும் இவ்விஷயத்தில் மாலிக்கி தீர்ப்பை மேற்கொள்ளலாம் என்று ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ என்னும் நூலில் வாதிட்டு வழிதிறந்தார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அவ்வழியே வந்தது. நான்காண்டு கணவன் இருக்குமிடம் தெரியாவிடில் மனைவி நீதிமன்றம் செல்லலாம். தீர்ப்பு கிடைத்தும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் அவன் வந்து, கணவனின் கடமைகளைச் செய்ய ஆயத்தம் என்று நீதிமன்றம் ஏற்குமாறு சொன்னால் தீர்ப்பே நீங்கிவிடும். பொதுச் சட்டமோ, ஏழாண்டு யாரும் அவனைப்பற்றிக் கேள்விப்படாவிடில் அவன் இருக்கிறான் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்த இவ்விதி 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

எத்தனை கருணையுடனும் நுட்பத்துடனும் நம் முன்னோர் ஆண்டுகளை எண்ணியிருக்கிறார்கள்! ஆனால் சட்டம் எண்ணுவது ஆண்டுகளை. அந்த ஆறு மாதத்தின் ஒவ்வொரு நண்பகலிலும், வாசலில் நிழலாடும்போதெல்லாம் ஒரு பெண்ணின் நெஞ்சில் நடப்பதை எந்தச் சட்டநூலும் எழுதாது. அதை எழுதக் கதை வேண்டும். காட்டப் படம் வேண்டும். வெள்ளாற்றுக்கு அக்கரையில் லெப்பைக்குடிக்காட்டிலும், இக்கரையூர்களிலும், கூத்தாநல்லூரிலும், கீழக்கரையிலும் சபர் போனவர்களின் வீடுகள் எத்தனை ஆயிரம்! முற்காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் யுத்தத்தில் சிக்கித் திரும்பாதவர்கள், பிற்காலத்தில் பாலைவனத்தில் தொலைந்தவர்கள். பழனிப் பக்கத்துப் பால்காரர் வீட்டுக்கு ஒரு மலையாளி வந்து ஒளிப்பதிவுக் கருவியை வைத்தார். நம் வீட்டுக்கு யார் வந்தார்கள்?

தமிழ்த் திரையுலகைக் குறைகூறுவது எளிது, குறைகூறவும் வேண்டும். 1992இல் ‘ரோஜா’ வந்தது முதல் முஸ்லிம் என்றால் துப்பாக்கி என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும், நகைச்சுவைக்கு ஒரு பிரியாணிக் கடை பாய். உணர்ச்சிக்கு, நாயகனுக்காக உயிர்விடும் ஒரு நண்பன். கொல்கிறோம், அல்லது கொல்லப்படுகிறோம். நம் வீட்டுக் கூடத்தில், ‘யாசீன்’ ஓதும் ஒலிக்கிடையே, வயதாகி, இயல்பாக, படுக்கையில் ஒருவர் இறந்து, அவரை மகன் குளிப்பாட்டுவதைத் தமிழ்த் திரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? கனவு காணும் முஸ்லிமை, பழையதை மறக்க முடியாத முஸ்லிமைப் பார்த்ததுண்டா?

ஆனால் குற்றம் அவர்களோடு நிற்கவில்லை. க.மு. ஷெரீப் பாடல் எழுதினார். நாகூரின் ரவீந்தர் எம்.ஜி.ஆர். படங்களுக்கு உரையாடல் எழுதினார், இயக்குநர் அமீர் ‘பருத்திவீரன்’ தந்தார், ஏ.ஆர். ரஹ்மானைச் சொல்லவே வேண்டாம். திறமைக்குக் குறைவில்லை. அத்திறமை நம் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கியது; தட்டினாலும் நாம் திறந்திருக்கமாட்டோம். 2013இல் ‘விஸ்வரூபம்’ வந்தபோது ஊர் ஊராகத் திரண்டோம். அரசே இரு வாரம் தடை செய்யும் அளவுக்குத் திரண்டோம். நம் மனம் புண்பட்டது உண்மை. ஆயின் அத்திரளில் நூற்றிலொரு பங்கு, நம் கதையைச் சொல்ல விரும்பும் ஓர் இளைஞனைத் தாங்க எப்போதாவது கூடியதா? எழுத்தில் தோப்பில் முஹம்மது மீரான் துணிந்தார், சல்மா துணிந்தார். அவர்களுக்கும் முதலில் நாம் கொடுத்தது வசைதானே?

கேரளத்தை நோக்குங்கள். வைக்கம் முஹம்மது பஷீர் தம் சிறுகதையைக் கொண்டு தாமே திரைக்கதை எழுதி, 1964இல் வந்த ‘பார்கவி நிலையம்’, ஆளில்லாத வீட்டில் இறந்த பெண்ணின் நினைவோடு ஓர் எழுத்தாளன் குடியிருக்கும் கதை. அவரே எழுதிய ‘மதிலுகள்’, அடூர் கோபாலகிருஷ்ணன் கையில் 1990இல் படமாயிற்று. பஷீராக நடித்தவர் இதே மம்மூட்டி. சிறைச் சுவருக்கு அப்பாலிருக்கும் நாராயணியின் குரல் மட்டும் கேட்கும். முகம் கடைசிவரை காட்டப்படுவதில்லை. பர்தாவைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம், முகமே காட்டாமல் ஒரு காதலைக் காட்டிய கலைஞர்களிடம் கற்க ஒன்றுமில்லையா? ஈரானில், எத்தனையோ கட்டுப்பாடுகளுக்குள் நின்று, அப்பாஸ் கியாரோஸ்தமி தம்மைப் புதைக்க ஆள் தேடி அலையும் ஒருவனைப் பற்றிப் படம் எடுத்தார். அதில் மதரஸா மாணவர் ஒருவர் தற்கொலை கூடாதென்று மறையை எடுத்துக்காட்டி வாதிடுகிறார். முதியவர் ஒருவர் முசுக்கட்டைப் பழத்தின் சுவையைச் சொல்கிறார். 1997இல் கான் விழாவின் தங்கப் பனை அப்படத்திற்குக் கிடைத்தது. மார்க்கம் பேசியவரை அப்படம் கேலி செய்யவில்லை என்பதை நம்மவர் குறித்துக்கொள்க.

‘நண்பகல் நேரத்து மயக்க’த்தைக் குறையற்றது என்று நாம் கொண்டாட வரவில்லை. பேருந்துக் கூட்டத்தின் சச்சரவுகள் நீண்டுவிடுகின்றன. தமிழ்ச் சிற்றூர் என்றால் இருபத்துநான்கு மணி நேரமும் பழைய பாட்டில் ஊறிக்கிடக்கும் என்பது அயலார் நம்மீது வைத்த அன்பான மூடநம்பிக்கை. அந்த ஊர்ப் பின்னணியிலும் ஒரு வரலாறு உண்டு. அதே மஞ்சநாயக்கன்பட்டியில் அதற்கு முன்பே ‘ஏலே’ என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தவர் ஹலிதா சமீம். ஐஸ் விற்கும் தந்தை இறந்தான் என்று கேட்டு ஊருக்கு வரும் மகனுக்கு அழுகை வராத கதை அது. 2021இல் திரையரங்கைக் காணாமல் நேரே தொலைக்காட்சிக்குப் போயிற்று. தம் படத்தின் அழகியல் மலையாளப் படத்தில் எடுத்தாளப்பட்டிருப்பதாக அவர் 2023இல் வெளிப்படையாகவே வருந்தினார். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? நாம் கேட்பது வேறு. மலையாளப் படத்தைப் பற்றி இத்தனை பேசிய நம் வீடுகளில், ‘ஏலே’யைப் பார்த்தவர் எத்தனை பேர்? ஹலிதா சமீம் என்ற பெயரைக் கேட்டதும், யார் அந்தப் பெண் என்று விசாரித்தவராவது உண்டா?

சுந்தரத்தின் தந்தையாக நடித்த ‘பூ’ ராமு, வீதி நாடகத்திலிருந்து வந்த அரிய கலைஞர். 2022 ஜூனில் காலமானார். படம் மக்களுக்குக் காட்டப்பட்ட முதல் நாளிலேயே அவர் இவ்வுலகில் இல்லை. இருந்தும் ஒவ்வொரு காட்சியிலும் அந்த வீட்டில் இருக்கிறார். மகனாக வந்தவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிழலைப் பிடித்து நிறுத்துதல் என்று அந்த எகிப்திய முஃப்தி சொன்னதன் பொருள் எமக்கு இங்கேதான் விளங்கிற்று. நம் அத்தாமார்களின் நிழலில் ஒரு நொடியைக்கூட நாம் இவ்வாறு பிடித்து வைக்கவில்லை. கபுறில் பெயர்க்கல் வேண்டாம் என்றோம், சரி. கத்தம் பாத்திஹா கூடுமா கூடாதா என்று இரண்டு கட்சியாகி மஹல்லாவையே பிளந்தோம். இந்த வழக்குக்கிடையில், இறந்தவர் எப்படிச் சிரிப்பார், எந்தக் கடிதத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தார், எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினார் என்பதைச் சொல்ல வீட்டில் ஆளில்லாமற் போயிற்று.

மங்களூர்த் தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். அன்றிரவு அந்த வீட்டில் யார் உலை வைத்தார்கள்? லிஜோ ஜோஸ் அதைக் காட்டவில்லை. அவருடைய பேருந்து புறப்பட்டுவிட்டது. காட்ட வேண்டிய கடமையும் அவருக்கில்லை. முப்பது ஆண்டுகளாக அந்த உலையை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத, கேட்டதைப் படமாக்க, நம் கல்லூரிகளில் ஊடகம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மண்டபங்களுக்கும் வளைவுகளுக்கும் வசூலிக்கும் நம் ஜமாஅத்துகள், ஆண்டுக்கொருமுறை அத்தகைய ஒரு பிள்ளைக்குக் கருவி வாங்கிக் கொடுத்தால் என்ன குடிமுழுகிப்போகும்? ‘அது ஆகாது’ என்று தீர்மானம் போடும் ஜமாஅத்து, எதனால் ஆகாது என்பதையும் அத்தீர்மானத்திலேயே எழுதட்டும்.

இக்கட்டுரைக்கு மறுப்பு வரும் என்று அறிவோம். வரட்டும், இதழாசிரியர் இடம் ஒதுக்குவார். படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்பது மட்டுமே நம் வேண்டுகோள். முடிந்தால் லுஹருக்குப் பின், வீட்டுப் பெண்களையும் கூடத்தில் அமர்த்திப் பாருங்கள். படம் முடிந்ததும் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.